காலியான மாலும் காலியாகக் கிடக்கும் சந்தையும்

"மால் செத்துப்போச்சு தோழர், பாருங்க" என்று நண்பர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கூடலூர் மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திரையில் அமெரிக்கப் புறநகர் ஒன்றின் கைவிடப்பட்ட மால். உடைந்த கண்ணாடிக்கூரை வழியே மழை உள்ளே பெய்கிறது. நகரும் படிக்கட்டு நின்றுபோய் வெறும் படிக்கட்டாகிவிட்டது. அலங்காரத்துக்கு வைத்த தொட்டிச்செடி தொட்டியை உடைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. தோழருக்கு ஒரே உற்சாகம். நுகர்வுப் பண்பாட்டின் கோயில் இடிந்துவிட்டதாம், முதலாளியம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டதாம். டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "நம்ம சந்தையுந்தான் வாரத்துல ஆறு நாள் இப்படிக் கெடக்குது. அதை யாரும் படம் புடிக்கலையே."

தோழர் சிரித்தார். எனக்கு அந்தப் பேச்சு விட்டுப்போகவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்து வருவதுதான்.

எங்கள் பள்ளத்தாக்கின் வாரச்சந்தை எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் கல்லும் கம்பும் நடப்பட்ட வெறுந்திடல். நாய் படுத்திருக்கும், பையன்கள் பந்து ஆடுவார்கள். ஏழாம் நாள் விடியும் முன்பே லாரியும் மினிடோரும் வந்து நிற்கும். இருட்டியதும் மறுபடி திடல். இந்த வெறுமையை யாரும் மரணம் என்று வாசிப்பதில்லை, ஏனென்றால் வெறுமை சந்தையின் இயல்புக்குள்ளேயே இருக்கிறது. சந்தைக்குப் போட்ட முதல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடன் அதன் தலைமேல் இல்லை. மாலின் நிலைமை நேர்எதிர். பத்துக் கடை ஷட்டர் இறங்கினால் மற்ற தொண்ணூறுக்கும் நடுக்கம் வந்துவிடும். ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ளாமல் அழுவதும் தப்பு, கைதட்டுவதும் தப்பு.

நாம் மாலைப் பற்றி எழுதும்போதெல்லாம் பண்டம், ஆசை, பிம்பம் என்ற சொல்லாடலுக்குள்ளேயே நின்றுவிடுகிறோம். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கட்டியவன் துணி விற்பவனோ செருப்பு விற்பவனோ அல்ல. அவன் விற்பது இடம். மால் என்பது வாடகை வசூலிக்கும் இயந்திரம். அதன் பிறப்பையும் இறப்பையும் ஜனங்களின் ஆசையில் தேடுவதைவிட நிலவிலையிலும் வரிச்சட்டத்திலும் குத்தகைப் பத்திரத்திலும் தேடுவது நல்லது.

மாலின் தந்தை என்று விக்டர் குருயனைச் சொல்வார்கள். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர். மாலை நேரங்களில் சோஷலிஸ்டுகளின் அரசியல் நையாண்டி நாடகங்களில் நடித்தவர். 1938இல் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்ததும் தப்பி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அமெரிக்கப் புறநகர்கள் அவரைத் திகிலடைய வைத்தன. வீடு, கார், சாலை, மறுபடி வீடு. மனிதர் மனிதரைச் சந்திக்க ஒரு மூலை இல்லை. வியன்னாவின் காபிக்கடையும் சதுக்கமும் அந்தப் பொட்டலில் வேண்டும் என்று நினைத்தார். மின்னசோட்டா மாநிலத்து எடைனாவில் 1956 அக்டோபரில் திறக்கப்பட்ட சவுத்டேல் அப்படிப் பிறந்தது. முழுக்கக் கூரையிட்டு, குளிரும் வெயிலும் படாமல் ஆண்டு முழுக்க ஒரே சீதோஷ்ணம் வைத்த முதல் மால் அது. நடுவில் மரங்கள், சிற்பங்கள், பறவைக்கூண்டு. அவருடைய முழுத்திட்டம் 463 ஏக்கருக்கானது. வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் அதில் இருந்தன. கட்டியது மாலை மட்டும். மால் வந்ததும் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறியது, ஏறிய நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். சோஷலிஸ்டு கனவில் லாபம் தரும் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

குருயன் 1968இல் வியன்னாவுக்கே திரும்பினார். அவர் கண் முன்னாலேயே நகரத்துக்குத் தெற்கே ஒரு பிரம்மாண்டமான மால் எழும்பி 1976இல் திறந்தது. அவர் நேசித்த பழைய கடைத்தெருக்களுக்கு அதனால் அடி விழுந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு நான் தகப்பன் இல்லை என்ற பொருளில் 1978இல் லண்டன் உரை ஒன்றில் மால்களைக் கைகழுவினார். 1980இல் இறந்துபோனார்.

இந்த இடத்தில் வால்டர் பெஞ்சமின் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. பாரிஸின் கண்ணாடிக்கூரை போட்ட கடைவீதிகளைப் பற்றி 1927இல் குறிப்பெடுக்கத் தொடங்கி, நாஜிகளிடமிருந்து தப்பும் வழியில் 1940இல் ஸ்பெயின் எல்லையில் உயிரை விடும்வரை முடிக்காமல் போனவர். அந்த வீதிகள் மினுங்கிய காலத்தை விட்டுவிட்டு, பெரிய பல்பொருள் அங்காடிகளிடம் தோற்றுத் தூசி படிந்து கிடந்த காலத்தில் அவற்றைப் பார்த்தார். ஒரு சரக்கு மோஸ்தரை இழந்த பிறகுதான் அதற்குள் அடைபட்டிருந்த கனவு கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவருடைய முறையியல். இரண்டு அகதிகள். ஒருவருக்கு எல்லை திறந்தது, அவர் கடைவீதியைக் கட்டினார். இன்னொருவருக்கு மூடியது, அவர் அதன் எலும்புகளைப் பற்றிய குறிப்புகளை விட்டுப்போனார். நம் தோழர் கைபேசியில் பார்ப்பதும் எலும்புதான். ஆனால் பெஞ்சமின் கைதட்டவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 1954இல் அமெரிக்க வரிச்சட்டம் கட்டடத் தேய்மானத்தைக் கணக்கிடும் முறையை மாற்றியது. 40 லட்சம் போட்டு ஒருவர் கட்டடம் கட்டுகிறார், அதன் ஆயுள் 40 ஆண்டு என்று வையுங்கள். பழைய முறையில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் முதல் ஆண்டே இரண்டு லட்சம் கழிக்கலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வாடகை வந்துகொண்டே இருக்கும், தாளிலோ நஷ்டம் தெரியும். அந்தத் தாள்நஷ்டத்தைக் காட்டி வேறு வருமானத்துக்கான வரியையும் தப்பிக்கலாம். சில ஆண்டில் சலுகை வற்றியதும் கட்டடத்தை விற்றுவிட்டு அடுத்ததைக் கட்டப் போகலாம். வாங்குபவர் தேய்மானத்தை முதலிலிருந்து தொடங்குவார். புறநகரில் வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டுவதற்குத்தான் இது தோது. ஊருக்குள் இருக்கும் பழைய கடையைப் பழுதுபார்த்து நடத்துபவனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. தாமஸ் ஹேன்செட் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் இதை விரிவாக எழுதினார். அந்தச் சலுகை 1986இல்தான் பெருமளவு பறிபோனது. இடையில் 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்து சாலையும் தயார். கறுப்பர்கள் குடியேறிய நகரங்களை விட்டு வெள்ளையர்கள் அந்தச் சாலைகளில் ஏறிப் புறநகருக்குப் போனார்கள். ஊரும் சேரியும் தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கே சேரியை விட்டுவிட்டு ஊர் எழுந்து நடந்தது, அவ்வளவே.

தேவையைப் பார்த்துக் கட்டியது குறைவு, வரியைப் பார்த்துக் கட்டியது அதிகம் என்றால் என்ன ஆகும்? ஒரே ஜனத்துக்கு மூன்று மால் இருக்கும். மூன்றாவது வந்ததும் முதலாவது சாகும். இணைய வணிகம்தான் மாலைக் கொன்றது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இல்லினாய்ஸ் மாநிலம் ஹார்வியில் 1966இல் திறந்த டிக்ஸி ஸ்கொயர் மால் எழுபதுகள் முடிவதற்குள் மூடியாயிற்று. அப்போது இணையக்கடை என்று ஒன்று எங்கே இருந்தது? மிச்சமிருந்த கட்டடத்துக்குள் கார் ஓட்டிக் கண்ணாடிகளை உடைத்து 1980இல் வந்த ஒரு சினிமாவுக்குக் காட்சி எடுத்தார்கள். முழுதாக இடிக்க 2012 ஆயிற்று.

சாகிற முறையும் ஒரு முறைதான். மாலின் இரு முனையிலும் பெரிய அங்காடி ஒவ்வொன்று இருக்கும். நங்கூரக் கடை என்பார்கள். அதற்கு வாடகை அற்பம், சில இடங்களில் நிலத்தையே சும்மா கொடுப்பார்கள். ஜனத்தை இழுத்து வருவது அதன் வேலை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கும் ஜனம் இடையிலிருக்கும் சின்னக் கடைகளைக் கடந்துதான் போகவேண்டும். உண்மையான வாடகையைக் கட்டுவது அந்தச் சின்னக் கடைகள். பல இடங்களில் விற்பனையிலும் ஒரு பங்கு போய்விடும். நங்கூரம் போனால் எங்கள் வாடகையைக் குறைக்கவேண்டும், அல்லது நாங்களும் போய்விடலாம் என்று விவரமான கடைக்காரர்கள் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வார்கள். எனவே ஒரு நங்கூரம் அறுந்தால் பத்துக் கடை சட்டப்படியே கிளம்பும். வருமானம் குறைந்த உரிமையாளர் ஏ.சி.யைக் குறைப்பார், படிக்கட்டை நிறுத்துவார், கழிவறையைப் பூட்டுவார். வருகிற ஜனமும் நிற்கும். கடைசியில் வங்கி வரும்.

டெட்ராய்ட் நகர மையத்தில் ஹட்சன்ஸ் என்று பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. அவர்களே 1954இல் புறநகரில் நார்த்லேண்ட் மாலைக் கட்டினார்கள். வடிவமைத்தவர் நம் குருயன்தான். நகர மையத்தின் கூட்டம் புறநகருக்குப் போனது. தாய்க்கடை 1983இல் மூடி, 1998இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தாயை விழுங்கிய நார்த்லேண்டும் 2015இல் மூடிக்கொண்டது. ஒஹையோவில் 1976இல் திறந்த ராண்டல் பார்க் மால் இடிக்கப்பட்ட இடத்தில் 2018இல் அமேசானின் கிடங்கு வந்தது. தோழருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மால் செத்தால் வருவது மக்கள் ராஜ்யம் இல்லை. ஜன்னல் இல்லாத கொட்டகை வருகிறது. மாலில் வேலை பார்த்தவளுக்கு எதிரே ஒரு மனித முகமாவது இருந்தது, கொட்டகையில் பெட்டிகள்தான்.

நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பட வேண்டிய இன்னொரு கதை ஆரகன் மாநிலத்து லாயிட் சென்டரில் நடந்தது. 1968 நவம்பரில் ஐந்து இளைஞர்கள் அந்த மாலுக்குள் வியத்நாம் போருக்கு எதிரான கூட்டத்துக்குத் துண்டறிக்கை கொடுத்தார்கள். காவலர்கள் வெளியே போகச் சொன்னார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1972இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு: மால் தனியார் சொத்து, துண்டறிக்கை கொடுக்கும் உரிமை அங்கே செல்லாது. மாநிலங்கள் விரும்பினால் கூடுதல் உரிமை தரலாம் என்று 1980இல் ஒரு கலிபோர்னியா வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. கடைத்தெரு முழுக்கக் கூரைக்குள் போனபோது, தெருவில் நின்று பேசும் உரிமை வெளியே பார்க்கிங்கோடு நின்றுவிட்டது. வழக்கில் ஜெயித்த லாயிட் சென்டர் 2021இல் கடன்கொடுத்த நிறுவனத்தின் கைக்குப் போனது. காலியான கடைகள் சிலவற்றில் உள்ளூர்ச் சிறு வியாபாரிகள் மலிந்த வாடகைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

சென்னைக்கு வருவோம். 1980களில் அங்கே இரண்டு தீ. ஒன்று சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, கைக்கடிகாரம் என்று எல்லாம் கிடைத்த அது 1985 மே மாதம் எரிந்தது. நிலம் ரயில்வே கட்டடமாயிற்று. வியாபாரிகளை அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். சந்தையில் தரையில் பரப்பிய புத்தகத்தைக் காலால் இடறித்தான் கண்டுபிடிப்போம். படியேறிப் போய்த் தேட ஆள் வருமா? எந்த ஊர் வணிக வளாகத்திலும் மாடிக்கடையின் தலையெழுத்து இதுதான். பஸ் ஸ்டாண்டை ஒட்டி உள்ளாட்சிகள் கட்டிய வளாகங்களில் கீழே ஜெராக்ஸ் கடையும் பேக்கரியும் ஓடும், மேலே ஷட்டர் துருப்பிடிக்கும்.

இன்னொரு தீ மவுண்ட் ரோடு ஸ்பென்சர். 1860களில் வெள்ளைக்காரத் துரைமாருக்காகத் தொடங்கிய கடை, 1895இல் பெரிய சிவப்புக் கட்டடமாயிற்று. 1895 எங்கள் ஊருக்கு வேறு காரணத்தால் நினைவிருக்கும் ஆண்டு. முல்லைப் பெரியாறு அணை திறந்து, சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது அப்போதுதான். அந்த ஸ்பென்சரும் எரிந்து, அந்த இடத்தில் 1990களில் ஸ்பென்சர் பிளாசா கட்டம் கட்டமாக எழுந்தது. தாராளமயத்தின் முதல் பத்தாண்டில் மதராஸ் தன்னைப் பார்த்துக்கொண்ட கண்ணாடி அது. ஊரிலிருந்து கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட நகரும் படிக்கட்டில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வருவார்கள்.

அதன் சரிவு அமெரிக்க மாதிரிக்குள் அடங்குவதில்லை. 2006இல் சிட்டி சென்டர், 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரி பீனிக்ஸ் என்று புதிய மால்கள் வந்தன. மெட்ரோ ரயில் வேலைக்காக அண்ணா சாலையில் போக்குவரத்தைப் பல ஆண்டுகள் திருப்பிவிட்டார்கள். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. ஸ்பென்சரில் ஏராளமான கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டிருந்தன. புதிய மால்களில் ஒரே உரிமையாளர், எல்லோரும் குத்தகைதாரர்கள். எந்தக் கடை எங்கே இருக்கவேண்டும், யாரை வெளியேற்றவேண்டும் என்று ஒரு கை தீர்மானிக்கும். ஸ்பென்சரில் அந்தக் கை இல்லை. கூட்டம் புதிய மால்களுக்குப் போனபோது நடைபாதைகள் மங்கின, கடைகள் மூடின. ஆனால் மொத்தமாக இழுத்துப் பூட்டவும் ஒருவருக்கு அதிகாரம் இல்லை. காஷ்மீரிகளின் சால்வைக்கடை, தையல்காரர், செல்போன் பழுதுபார்ப்பவர், அலுவலகங்கள் என்று ஒருவகைக் கலவையாக இன்றும் நிற்கிறது.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை தேடிச் சென்னையில் அலைந்த மாதங்களில் மத்தியான வெயிலை நான் ஸ்பென்சரில்தான் கழித்தேன். பாதி ஏ.சி., பாதி இருட்டு. ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு மணிநேரம் படித்தாலும் யாரும் கேட்கவில்லை. இன்னொரு புதிய மாலில் ஒரு சிறுபத்திரிகைக் கூட்டத்தின் துண்டறிக்கையை நான்கு பேருக்குக் கொடுத்தேன். ஐந்தாவது ஆளிடம் நீட்டும் முன் செக்யூரிட்டி வந்துவிட்டார். "சார், இங்க இதெல்லாம் கூடாது, வெளிய போயிடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பேச்சில் எங்கள் பக்கத்து வாடை. எந்த ஊர் என்றேன். "சின்னமனூர்ண்ணே" என்றார், அப்புறம் என் தோளில் கை வைத்தபடியே வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவருக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூட அங்கே இல்லை. கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களுக்காகக் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பெண்கூட்டு அமைப்பினர் போராடிய பிறகு 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. மாலின் வீழ்ச்சியைப் பற்றிய எந்தப் படத்திலும் இந்த ஆட்களைக் காணோம். ஷட்டர் இறங்கிய மறுநாள் அவர்கள் எங்கே போனார்கள்?

சந்தையைப் புனிதமாக்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். சந்தையில் யார் எந்த இடத்தில் கடைபோடலாம் என்பதில் சாதி இருந்தது. பக்கத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. மாலில் எல்லோருக்கும் ஒரே காகிதக் கோப்பை என்பது ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, அந்த அவமானத்தைக் குடித்திராத நாம் நக்கலாகப் பேசக்கூடாது. பெயர் கேட்காத இடம் அது. ஆனால் சட்டையைப் பார்க்கிறது, பையைப் பார்க்கிறது.

2023இல் இந்தியாவின் எட்டுப் பெருநகரங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் காலியாகக் கிடந்த மால்கள் 64 என்று நைட் ஃபிராங்க் நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது. முந்தைய ஆண்டில் 57. ஒருபக்கம் இப்படிக் காலியாக, மறுபக்கம் இன்னும் பெரிய மால்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து மால் பார்க்கவேண்டுமானால் 120 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குப் போகவேண்டும். அதனால் கவலையில்லை என்று சொல்லமுடியுமா? ஊர் ஊருக்குச் சந்தைத்திடலில் அடுக்குமாடி வணிக வளாகம் கட்டும் பேச்சு வருகிறது. வளாகம் வந்தால் அட்வான்ஸ் வரும், ஏலம் வரும், மாதவாடகை வரும். ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப்போய்க் கூலி வாங்கி வருகிறவர்களின் வாரக்கணக்குக்கு ஏற்பத்தான் எங்கள் சந்தை ஓடுகிறது. மாதக்கணக்கு அதற்குப் பொருந்தாது.

போன வாரம் சந்தையில் கீரை விற்கும் ஆத்தாவிடம் தரைவாடகைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரு நாளுக்கு மட்டும். மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "மழை பேஞ்சா வரமாட்டேன்ப்பா. அதுக்கு எவன் வந்து கேக்கப் போறான்?" என்று சீட்டைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.